பேரரசி ஜிங்கூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் தொன்ம அரசர் வரிசையில் பதினான்காவதாக வருபவர் சூவாய். அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவருடைய மனைவி ஜிங்கூவைப் பற்றியோ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் பேசி ஓயவில்லை. கோயில் கருவறை, தேர்த் திருவிழா, பணத்தாள், பள்ளிப் பாடநூல், போர்க்காலப் பிரசாரம் என்று அந்தப் பெயர் நுழையாத இடம் குறைவு. இணையத்தில் தேடினால் "கொரியாவை வென்ற ராணி" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. அவருடைய கதையிலேயே நம்பகம் மிகக் குறைந்த பகுதி அந்த வரிதான். அதற்கு முன்னும் பின்னும் இருப்பவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வி பதில்கள்.

ஜிங்கூ யார்?

பழைய நூல்களில் அவர் பெயர் ஒகினாகா தராஷி ஹிமே. "ஜிங்கூ" என்பது 8ஆம் நூற்றாண்டில், பழைய அரசர்களுக்கெல்லாம் சீன பாணியில் பெயர் சூட்டியபோது வந்த மரியாதைப் பெயர். தந்தை ஒகினாகா குலத்து இளவரசர். தாய் கட்சுராகி நோ டகானுகா ஹிமே.

தாய்வழியை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். ஜிங்கூவின் தாய், அமே நோ ஹிபோகோ என்பவரின் வழித்தோன்றல் என்று கொஜிகி வம்ச வரிசை தருகிறது. அந்த ஹிபோகோ சில்லா நாட்டு இளவரசர், கடல் கடந்து ஜப்பானுக்கு வந்து குடியேறியவர். சில்லா இருந்தது கொரியத் தீபகற்பத்தின் தென்கிழக்கில். அப்படியானால், எந்த நாட்டை ஜிங்கூ வென்றதாகக் கதை சொல்கிறதோ அந்த நாட்டு ரத்தம்தான் அவருடைய தாய்வழியில் ஓடுகிறது. அவரை வெற்றிச் சின்னமாக்கிய பிற்காலத்தவர்கள் இந்த வரியை எடுத்துக்காட்டியது அபூர்வம்.

கணவர் சூவாய், புகழ்பெற்ற தொன்ம வீரர் யமாட்டோ டகேருவின் மகன். மகன் ஓஜின், பதினைந்தாவது பேரரசர்.

இந்தக் கதை முதன்முதலில் எங்கே எழுதப்பட்டது?

இரண்டு நூல்களில். 712இல் முடிந்த கொஜிகி, 720இல் முடிந்த நிஹோன் ஷோகி. இரண்டுமே அரசவை ஆணைப்படி தொகுக்கப்பட்டவை. ஜிங்கூ வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் இவற்றுக்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு இடைவெளி.

கொஜிகி சுருக்கமாகவும் நாடகத்தன்மையோடும் சொல்கிறது. நிஹோன் ஷோகி சீன வரலாற்று நூல்களைப் பார்த்து எழுதப்பட்டது. ஆண்டு, மாதம், நாள் என்று கணக்கு வைக்கும், "இன்னொரு ஏட்டில் இப்படி இருக்கிறது" என்று மாற்றுக் கதைகளையும் சேர்க்கும். அதன் 9ஆம் சுருள் முழுவதும் ஜிங்கூவுக்குத்தான். அரசரின் மனைவி ஒருவருக்கு, அரசர்களுக்கு நிகராகத் தனிச் சுருள் ஒதுக்கியிருப்பது அந்த நூலில் வேறெங்கும் இல்லை.

கணவர் எப்படி இறந்தார்?

கதையிலேயே என்னை அதிகம் ஈர்ப்பது இந்த இடம்தான். கொஜிகி சொல்வதை முதலில் பார்ப்போம்.

ஜப்பானின் தென்மேற்குத் தீவான கியூஷூவின் தெற்கே குமாசோ என்ற மக்கள் அடங்க மறுக்கிறார்கள். அவர்களை ஒடுக்கச் சூவாய் படையோடு வந்து கஷீ என்ற இடத்தில் தங்குகிறார். இன்றைய ஃபுகுவோக்கா நகரில் இருக்கிறது அந்த இடம். போருக்கு முன் தெய்வத்தின் விருப்பத்தை அறிய வேண்டும். அரசர் கோதோ என்னும் தந்திக் கருவியை மீட்டுகிறார். மூத்த அமைச்சர் டகேனோஉச்சி நோ சுகுனே பக்கத்தில் அமர்ந்து கேள்விகளைக் கேட்கிறார். ஜிங்கூ மேல் சாமி இறங்குகிறது.

"மேற்கே ஒரு நாடு உண்டு. பொன்னும் வெள்ளியும் கண்ணைப் பறிக்கும் செல்வங்களும் அங்கே நிறைய. அதை உனக்குத் தருகிறேன்" என்று வாக்கு வருகிறது. சூவாய் நம்பவில்லை. "உயரத்தில் ஏறி மேற்கே பார்த்தால் நாடு எதுவும் தெரியவில்லை, வெறும் கடல்தான் தெரிகிறது" என்று சொல்லி, இது பொய் சொல்லும் தெய்வம் என்று கோதோவைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். தெய்வத்துக்குக் கோபம் வருகிறது. அமைச்சர் நடுங்கிப்போய், தயவுசெய்து மீட்டுங்கள் என்று கெஞ்சுகிறார். அரசர் கருவியை இழுத்து வேண்டாவெறுப்பாக மீட்டத் தொடங்குகிறார். சற்று நேரத்தில் ஒலி நின்றுபோகிறது. விளக்கைத் தூக்கிப் பார்த்தால் உயிர் இல்லை.

நிஹோன் ஷோகியில் அவர் நோயுற்று மறுநாள் இறக்கிறார். குமாசோக்களின் அம்பு பட்டு இறந்தார் என்ற மாற்றுக் கதையையும் அந்நூல் குறித்துவைத்திருக்கிறது. எந்த வடிவத்தை எடுத்தாலும் சாவு மறைக்கப்படுகிறது. பிறகு ஜிங்கூ தாமே பூசாரியாக அமர்ந்து மறுபடியும் வாக்குக் கேட்கிறார். ஏழு பகல் ஏழு இரவு கழிந்த பிறகுதான் தெய்வம் தன் பெயரைச் சொல்கிறது. நாடு இனிச் சூவாய்க்கு இல்லை, ஜிங்கூவின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கே என்ற வாக்கும் வருகிறது.

அரச அதிகாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். கேட்க மறுத்த ஆணிடமிருந்து கேட்ட பெண்ணுக்கு, அவளிடமிருந்து பிறக்காத குழந்தைக்கு. கடல் தாண்டிய போரெல்லாம் இதற்குப் பிறகு வருவது. கதையின் பழைய வேர் இந்த அருள்வாக்குக் காட்சியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மீன் பிடித்துச் சகுனம் பார்த்த கதை?

நிஹோன் ஷோகியின்படி, படை கிளம்பும் முன் கியூஷூவின் மட்சுரா பகுதியில், தமஷிமா ஆற்றங்கரையில் நடப்பது இது. ஊசியை வளைத்துத் தூண்டில் முள் ஆக்குகிறார். தம் உடையிலிருந்து இழை உருவிக் கயிறு ஆக்குகிறார். சோற்றுப் பருக்கையை இரையாக வைக்கிறார். காரியம் கைகூடுமானால் மீன் கடிக்கட்டும் என்கிறார். அயு என்ற ஆற்று மீன் மாட்டுகிறது. அந்தப் பகுதிப் பெண்கள் நான்காம் மாதத் தொடக்கத்தில் அதேபோல மீன் பிடிப்பது வழக்கமாக இருந்தது என்று இரண்டு நூல்களும் சொல்கின்றன. ஊர் வழக்கம் ஒன்றுக்குக் காரணம் சொல்லும் கதையாக இது பிறந்திருக்கலாம்.

கூந்தலை அவர் கடல் நீரில் அலசும்போது அது தானாக இரண்டாகப் பிரிந்ததாம். அதை ஆண்கள் முடிவதுபோல் இருபுறமும் முடிந்துகொண்டு, ஆணின் தோற்றத்தில் படைக்குத் தலைமை ஏற்கிறார்.

வயிற்றில் கல் கட்டிக்கொண்டு பிரசவத்தைத் தள்ளிப்போட்டாராமே?

ஆம், இரண்டு நூல்களிலும் இருக்கிறது. புறப்படும் நேரத்தில் அவர் நிறைமாதக் கர்ப்பிணி. கல்லை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, திரும்பி வரும்வரை பிள்ளை பிறக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறார். திரும்பி வந்ததும் கியூஷூவில் ஓஜின் பிறக்கிறார். பிறந்த இடத்துக்கு உமி என்று பெயர். ஃபுகுவோக்கா மாநிலத்தில் அந்த ஊரும், சுகப்பிரசவத்துக்காகக் கும்பிடும் ஹச்சிமான் (தெய்வமாகக் கருதப்பட்ட ஓஜின்) கோயிலும் இன்றும் உண்டு.

மான்யோஷூ என்ற பழைய கவிதைத் தொகுப்பின் 5ஆம் சுருளிலும் இந்தக் கல் வருகிறது. கடலோரக் குன்றில் முட்டை வடிவில் இரண்டு கற்கள் இருந்தனவாம். அந்த வழியே போகிறவர்கள், அரசு வேலையாகப் போனாலும் சொந்த வேலையாகப் போனாலும், குதிரையை விட்டு இறங்கி வணங்காமல் போவதில்லை என்று அங்கே குறிப்பு இருக்கிறது. ஆக, 8ஆம் நூற்றாண்டிலேயே இது மக்கள் நேரில் வந்து வணங்கிய கல். ஃபுகுவோக்கா பக்கத்து இட்டோஷிமாவில் அந்தக் கல்லின் பெயராலேயே ஒரு கோயில் இருக்கிறது.

குழந்தை மூன்று ஆண்டு வயிற்றில் இருந்ததாகப் படித்தேனே?

அது பிற்காலத்தில் ஊதிப் பெருக்கியது. நிஹோன் ஷோகியின் நாள்கணக்கில் சூவாய் இறப்பது இரண்டாம் மாதம் 6ஆம் நாள், ஓஜின் பிறப்பது அதே ஆண்டு பன்னிரண்டாம் மாதம் 14ஆம் நாள். பத்துச் சந்திர மாதமும் சில நாளும். வழக்கத்தைவிட நீண்டதுதான், மூன்று ஆண்டுக்கும் அதற்கும் வெகுதூரம்.

குழந்தை சூவாயின் பிள்ளைதானா என்ற ஐயத்துக்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கிறது என்பதும் உண்மை. ஒசாகாவில் உள்ள சுமியோஷிப் பெருங்கோயிலின் பழைய ஏடு ஒன்று, அரசர் இறந்த இரவில் அரசிக்கும் சுமியோஷி என்னும் கடல் தெய்வத்துக்கும் கணவன் மனைவிக்குரிய ரகசிய உறவு நேர்ந்தது என்றே எழுதியிருக்கிறது. தெய்வத்தின் பிள்ளை என்று சொல்வது பழைய காலத்தில் ஓர் அரச குலத்துக்குப் பெருமை.

படையெடுப்பு எப்படி நடந்ததாகக் கதை சொல்கிறது?

சண்டையே இல்லை. கடலில் பெரிய மீனும் சிறிய மீனும் கூடிக் கப்பல்களைத் தூக்கிச் சுமக்கின்றன. பின்காற்று வீசுகிறது. எழுந்த அலை கப்பல்களைச் சில்லா நாட்டின் பாதிவரை கொண்டுபோய்விடுகிறது. சில்லா அரசர் வெள்ளைக்கொடியோடு வந்து பணிகிறார். சூரியன் மேற்கில் உதித்தாலொழிய, ஆறு பின்னோக்கி ஓடினாலொழிய, ஆற்றுக் கல் வானேறி விண்மீன் ஆனாலொழிய, திறை செலுத்துவதை நிறுத்த மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். மற்ற இரு கொரிய நாடுகளான கோகுரியோவும் பெக்ஜேயும் இதைக் கேள்விப்பட்டுத் தாமாகவே வந்து தலை வணங்குகின்றன.

கொஜிகியில் சில்லா குதிரை பராமரிக்கும் நாடாகவும் பெக்ஜே கடல் கடந்த களஞ்சியமாகவும் ஆக்கப்படுகின்றன. சில்லா அரசனின் வாயிலில் ஜிங்கூ தம் கோலை ஊன்றி, சுமியோஷித் தெய்வத்தைக் காவலாக நிறுத்திவிட்டுத் திரும்புகிறார்.

உண்மையில் கொரியாவை வென்றாரா?

இல்லை. அப்படி ஒரு வெற்றிக்குச் சான்று கிடையாது.

கொரிய வரலாற்று நூலான சம்குக் சாகி 1145இல் தொகுக்கப்பட்டது. "வா" நாட்டவர் (பழைய சீன, கொரிய நூல்கள் ஜப்பானியத் தீவுகளுக்குத் தந்த பெயர் "வா") கடல்வழியே வந்து சில்லாவைத் தாக்கியதைப் பல இடங்களில் அது சொல்கிறது. மூன்று நாடுகளும் ஒரே நேரத்தில் ஒரு ராணியிடம் பணிந்தன என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை. 414இல் கோகுரியோ அரசர் குவாங்கெத்தோவுக்காக நட்ட பெருங்கல்வெட்டில் 391ஆம் ஆண்டையொட்டி "வா" கடல் கடந்து வந்ததாக ஒரு வரி உண்டு. அதை எப்படிப் படிப்பது என்பதில் அறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். எப்படிப் படித்தாலும் அந்த வரியிலிருந்து ஜிங்கூவை வெளியே எடுக்க முடியாது. 4ஆம் நூற்றாண்டில் ஜப்பானியத் தீவுகளிலிருந்து படைகள் தீபகற்பத்துக்குப் போய்ப் போரிட்டன, பெக்ஜேயோடு கூட்டு இருந்தது என்ற அளவே கிடைக்கும்.

மண்ணுக்குள் கிடைத்தவை வேறு கதையைச் சொல்கின்றன. இரும்பு, உயர் வெப்பத்தில் சுட்ட கடினமான மண்பாண்டம், நெசவு நுட்பம், எழுத்தறிவு என்று அந்தக் காலத்தில் தீபகற்பத்திலிருந்து ஜப்பானுக்கு வந்தவை ஏராளம். குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 3ஆம் நூற்றாண்டுச் சீன வரலாறான வெய் குறிப்பு, வா நாட்டில் மாடும் குதிரையும் இல்லை என்கிறது. குதிரை வளர்ப்பும் சேணமும் தீபகற்பத்திலிருந்து ஏறத்தாழ 4ஆம் நூற்றாண்டு இறுதியிலும் 5ஆம் நூற்றாண்டிலும்தான் அங்கே பரவின. கற்றுக்கொடுத்தவர்களையே குதிரை பராமரிக்கும் பணியாளர்களாக ஆக்கிவிட்டது கொஜிகி. திறை வாங்கியதாக எழுதப்பட்டதில் பெரும்பகுதி வணிகமும் அன்பளிப்பும் குடியேற்றமுமாகவே இருந்திருக்க வேண்டும்.

ஏழு கிளை வாள் இதற்குச் சான்று இல்லையா?

நாரா மாநிலத்தில் தென்ரி நகரின் இசோனோகாமி கோயிலில் ஒரு இரும்பு வாள் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 75 செ.மீ. இருபக்கமும் மும்மூன்று கிளைகள்; நுனியோடு சேர்த்து ஏழு. பொன் பதித்த எழுத்துகள் அதில் இருப்பதை 1870களில் அந்தக் கோயிலின் தலைமைப் பூசாரி துருவைச் சுரண்டிக் கண்டுபிடித்தார்.

பெக்ஜேயிலிருந்து வா அரசருக்காகச் செய்யப்பட்ட வாள் இது என்பது எழுத்துகளிலிருந்து தெரிகிறது. ஆண்டைப் பெரும்பாலோர் 369 என்று படிக்கிறார்கள். ஜிங்கூவின் 52ஆம் ஆண்டில் பெக்ஜேத் தூதர் "ஏழு கிளை வாள்" கொண்டுவந்ததாக நிஹோன் ஷோகி சொல்கிறது. ஆகவே நூலில் சொன்ன ஒரு பொருள் கையில் கிடைத்திருக்கிறது. இது அரிய நிகழ்வுதான். பெக்ஜேயோடு உறவு இருந்ததற்கு இது நல்ல சான்று. அந்த உறவில் யார் மேல், யார் கீழ் என்பதற்குச் சான்று ஆகாது. அடங்கியவர் கொடுத்த காணிக்கை என்று ஜப்பானிலும், மேலவர் கீழவருக்கு வழங்கிய பரிசு என்று கொரியாவிலும் வாதிட்டவர்கள் உண்டு. சமமான கூட்டாளிகளின் பரிமாற்றம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அப்போது பெக்ஜே கோகுரியோவோடு கடும் போரில் இருந்தது, தெற்கே கடலுக்கு அப்பால் ஒரு துணை தேவைப்பட்டது.

ஆண்டுக் கணக்கில் 120 ஆண்டு பிழை என்கிறார்களே, அது என்ன?

கிழக்காசியாவில் நம் பிரபவ முதல் அட்சய வரையான சுழற்சியைப் போலவே 60 ஆண்டுச் சுழற்சி ஒன்று உண்டு. சுழற்சிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தச் சுற்று என்று தெரியாவிட்டால், நிகழ்வு 60இன் மடங்குகளில் முன்னே பின்னே நகர்ந்துவிடும். ஜிங்கூ சுருளில் பெக்ஜே பற்றிய செய்திகள் இப்படி இரண்டு சுற்று, அதாவது 120 ஆண்டு பின்னே தள்ளப்பட்டிருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு போதும். பெக்ஜே அரசர் ஒருவர் 255இல் இறந்ததாக நிஹோன் ஷோகி கணக்கு. சம்குக் சாகியில் அந்த அரசர் குன்சோகோ இறப்பது 375இல். சரியாக 120. வாள் வந்ததாகச் சொல்லும் 252ஆம் ஆண்டோடு 120ஐக் கூட்டினால் 372. வாளில் படித்த 369க்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள்.

தொகுத்தவர்கள் ஏன் அப்படித் தள்ளினார்கள்? அவர்தான் ஹிமிகோவா?

இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது. வெய் குறிப்பில் வா நாட்டின் ராணியாக ஹிமிகோ என்பவர் வருகிறார். 239இல் சீனாவுக்குத் தூது அனுப்பியவர், 248ஐ ஒட்டி இறந்தவர். நிஹோன் ஷோகியைத் தொகுத்தவர்கள் இதைப் படித்திருந்தார்கள். சீனர்கள் பதிவு செய்த ராணி ஒருவர் தங்கள் அரச வரிசையிலும் இருந்தாக வேண்டும். ஆகவே ஜிங்கூவின் 39, 40, 43ஆம் ஆண்டுகளில் வெய் குறிப்பிலிருந்து வரிகளை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவருடைய 39ஆம் ஆண்டு என்பது 239. 66ஆம் ஆண்டில், அதாவது 266இல், வெய்க்குப் பின் சீனாவை ஆண்ட ஜின் அரசின் அரசவை நாட்குறிப்பிலிருந்து வா ராணியின் தூது பற்றி இன்னொரு மேற்கோள்.

இப்படி 201 முதல் 269 வரை 69 ஆண்டு அவர் ஆட்சி நீண்டது. நூறு வயதில் இறந்ததாக எழுதினார்கள்.

பொருத்தம் ஒட்டவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும். ஹிமிகோ மணம் செய்யாதவர், ஆட்சியில் அவருக்குத் துணை நின்றவர் தம்பி. ஜிங்கூ மனைவி, தாய், படைத்தலைவி. 266இல் ஹிமிகோ உயிரோடும் இல்லை. "ஹிமிகோ" என்ற பெயரைத் தொகுத்தவர்கள் வெளிப்படையாக எழுதவும் இல்லை. தெய்வ வாக்குச் சொல்லி ஆண்ட பெண்கள் அந்தத் தீவுகளில் இருந்தார்கள் என்ற நினைவு மட்டும் இருவர் கதைக்கும் பொதுவாக இருக்கிறது. நான் அதற்கு மேல் போகமாட்டேன்.

அப்படியானால் ஜிங்கூ என்று ஒருவர் வாழவே இல்லையா?

இன்றைய வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அவரை வரலாற்று மனிதராகக் கொள்வதில்லை. அந்தக் கதை ஏன் இந்த வடிவத்தில் உருவானது என்பதற்கு வலுவான விளக்கம் ஒன்று உண்டு.

661இல் பேரரசி சாய்மெய் கடல்வழியே கியூஷூவுக்கு வந்தார். சில்லாவும் சீனத் தாங் பேரரசும் சேர்ந்து முந்தைய ஆண்டில் பெக்ஜேயை வீழ்த்தியிருந்தன. பெக்ஜேக்குத் துணைப்படை அனுப்பத்தான் அவர் வந்தார். அதே ஆண்டு கியூஷூவில் அசகுரா என்ற இடத்தில் இறந்தார். 663இல் கொரியாவின் பெக்காங் ஆற்று முகத்தில் ஜப்பானியக் கப்பற்படை படுதோல்வி அடைந்தது.

சில்லாவை எதிர்க்கக் கியூஷூவுக்கு வந்த அரசி, வந்த இடத்தில் அரச மரணம், ஆட்சி தாயிடமிருந்து மகனுக்குப் போவது: எல்லாம் ஜிங்கூ கதையை ஒத்திருக்கின்றன. பெயரும் ஒத்துப்போகிறது. சாய்மெயின் கணவர் ஜோமெயின் பழைய பெயர் ஒகினாகா தராஷி ஹி என்று தொடங்கும். சாய்மெயின் பெயர் தராஷி ஹிமே என்று முடியும். ஜிங்கூவோ ஒகினாகா தராஷி ஹிமே.

தோற்ற போருக்கு 57 ஆண்டு கழித்து நிஹோன் ஷோகி முடிந்தது. அந்தத் தலைமுறைக்கு, தங்கள் முன்னோரில் ஓர் அரசி அதே கடலைக் கடந்து வென்று வந்தார் என்ற கதை தேவைப்பட்டது. சில்லாவோடு உறவு கசந்திருந்த காலம் அது. மட்சுராவின் மீன், இட்டோஷிமாவின் கல், சுமியோஷித் தெய்வம் என்று ஏற்கெனவே பல ஊர்களில் இருந்த ஒரு தாய்த்தெய்வக் கதையின் மேல் 7ஆம் நூற்றாண்டின் போரை ஏற்றிவைத்தார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

திரும்பி வந்த பிறகு என்ன ஆயிற்று?

சூவாய்க்கு இன்னொரு மனைவி உண்டு. அவருடைய பிள்ளைகள் ககோசகாவும் ஒஷிகுமாவும் பச்சைக் குழந்தையின் கீழ் இருக்க விரும்பவில்லை. போருக்கு முன் வேட்டையாடிச் சகுனம் பார்க்கிறார்கள். காட்டுப்பன்றி பாய்ந்து ககோசகாவைக் கொன்றுவிடுகிறது. தம்பி அப்போதும் விடவில்லை. அரசி இறந்துவிட்டார், இனிச் சண்டை வேண்டாம் என்று சொல்லி ஜிங்கூவின் படை வில் நாண்களை அறுத்துப் போடுகிறது. எதிரிகள் நம்பி நாணைத் தளர்த்தியதும், கொண்டையில் ஒளித்துவைத்த மாற்று நாண்களை எடுத்துப் பூட்டித் தாக்குகிறார்கள். ஒஷிகுமா பீவா ஏரியில் மூழ்கி இறக்கிறார். வஞ்சனையால் வந்த வெற்றி என்பதை நூல்கள் மறைக்கவில்லை.

அவர் பேரரசரா, பேரரசியா?

நிஹோன் ஷோகி அவரைப் பேரரசரின் மனைவியாகவே வைத்து, மகனுக்காக ஆண்டவர் என்கிறது. நடுக்காலத்தில் பலர் அவரைப் பதினைந்தாவது ஆட்சியாளராகவே எண்ணினார்கள். 14ஆம் நூற்றாண்டில் கிடபடகே சிகாஃபுசா எழுதிய அரச வரிசை நூலிலும் அப்படித்தான். எடோ காலத்தில் (1603–1868) மிட்டோ என்ற சிற்றரசின் அறிஞர்கள் தங்கள் பெருவரலாற்றில் அவரை அரசியர் பகுதிக்கு மாற்றினார்கள். 1926இல் அரச வரிசையை அதிகாரபூர்வமாக இறுதி செய்தபோது அவர் பெயர் இடம்பெறவில்லை. இன்று சூவாய் 14, ஓஜின் 15. இடையே 69 ஆண்டு அரசர் இல்லாத காலம்.

ஜப்பானியப் பணத்தாளில் அவர் படம் இருந்ததா?

1881இல் வெளியான ஒரு யென் தாளில். ஜப்பானிய அரசின் பணத்தாளில் மனித முகம் இடம்பெற்றது அதுவே முதல்முறை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 5 யென், 10 யென் தாள்களிலும் அதே முகம் வந்தது. செதுக்கியவர் இத்தாலியரான எடோவார்டோ கியோசோனே, ஜப்பானிய அரசு அச்சகத்தில் பணியாற்ற அழைக்கப்பட்டவர். பார்த்து வரையப் பழைய உருவப்படம் எதுவும் கிடையாது. அச்சகத்தில் வேலை செய்த பெண்களை மாதிரியாகக் கொண்டார் என்று சொல்வார்கள். முகத்தில் ஐரோப்பியச் சாயல் நன்றாகவே தெரியும். 1908இல் 5 யென், 10 யென் அஞ்சல்தலைகளிலும் ஜிங்கூ வந்தார்.

போர்ப் பிரசாரத்தில் எப்படிப் பயன்பட்டார்?

13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படைகள் 1274இலும் 1281இலும் கியூஷூவைத் தாக்கின. அந்த அச்சத்துக்குப் பிறகு எழுந்த ஹச்சிமான் கோயில் கதைகள் ஜிங்கூவை மறுபடி பெரிதாக்கின. கடலை வற்றவும் பொங்கவும் வைக்கும் இரண்டு மணிகள் அவர் கையில் வந்தது இந்தக் காலத்தில்தான். கொரிய மக்களை இழிவாகப் பேசும் வரிகளும் இக்காலத்தில்தான் நுழைந்தன. 1592இல் ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் ஹிதேயோஷி கொரியாமேல் படையெடுத்தபோதும் ஜிங்கூவின் பெயர் எடுத்தாளப்பட்டது.

மெய்ஜி காலத்தில் (1868–1912) நிலைமை இன்னும் மோசமானது. பள்ளிப் பாடநூல்கள் சில்லா வெற்றியை நடந்த வரலாறாகவே கற்பித்தன. 1910இல் கொரியாவை இணைத்துக்கொண்டபோது, பழைய உரிமையை மீட்டதுபோல் பேச இந்தக் கதை உதவியது. கொரியப் பிள்ளைகளும் அதே கதையைப் பள்ளியில் படிக்க வேண்டியிருந்தது. 1945க்குப் பிறகுதான் பாடநூல்களிலிருந்து நீங்கியது. கொரியாவில் இந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஜிங்கூவைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இதை ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது.

மக்கள் வழிபாட்டில் அவர் யார்?

பெரும்பாலும் தாய். ஓஜின் பிற்காலத்தில் ஹச்சிமான் தெய்வமாகக் கருதப்பட்டார். அதனால் கியூஷூவின் உசா பெருங்கோயில் தொடங்கி நாடெங்குமுள்ள ஹச்சிமான் கோயில்கள் பலவற்றில் மகனோடு தாயும் இருக்கிறார். நாராவில் யக்குஷிஜி என்ற புத்தக் கோயிலின் காவல் கோயிலுக்காக 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரத்தில் செதுக்கிய சிறு சிலை ஒன்று உண்டு. மடித்த காலோடு அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு பெண். அதில் வாளும் இல்லை, கவசமும் இல்லை.

கியோட்டோவின் கியோன் திருவிழாவில் கப்பல் வடிவத் தேர்கள் இரண்டு ஓடுகின்றன. ஒன்று அவர் புறப்படுவது, மற்றது திரும்பி வருவது. முன்னது ஜூலை 17 ஊர்வலத்தில், பின்னது 24ஆம் தேதி ஊர்வலத்தில். திரும்பி வரும் தேர் 1864ஆம் ஆண்டுத் தீயில் எரிந்தது. 2014இல்தான் மீண்டும் ஓடியது. அயு மீன் பிடிக்கும் காட்சிக்கும் தனித் தேர் உண்டு. புறப்படும் தேரில் ஜிங்கூ உருவத்துக்குத் துணிக் கச்சைகளைச் சுற்றி, திருவிழா முடிந்ததும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்கள். சுகப்பிரசவத்துக்காக வயிற்றில் கட்டிக்கொள்ள.

ஆண் குழந்தைகளின் விழாவில் வைக்கும் பொம்மைகளிலும் அவர் வருவார். பக்கத்தில் நரைத்த தாடியோடு டகேனோஉச்சி, அவர் கையில் குழந்தை ஓஜின்.

அவர் கல்லறை எது?

நாரா நகரின் வடமேற்கில், சாவித்துளை வடிவத்தில் ஏறத்தாழ 267 மீட்டர் நீளமுள்ள கோசாஷி என்ற மண்மேட்டை அரச மாளிகை நிர்வாகம் ஜிங்கூவின் கல்லறையாகப் பராமரிக்கிறது. மேடு 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பது தொல்லியல் கணிப்பு. நூல் சொல்லும் 269ஆம் ஆண்டோடு அது பொருந்தாது. 843இலேயே இதில் குழப்பம் இருந்தது: பக்கத்துக் கல்லறையை ஜிங்கூவுடையது என்று தவறாக வழிபட்டு வந்தது அப்போதுதான் தெரியவந்தது என்று அரசவை வரலாறு எழுதியிருக்கிறது.

அரச கல்லறைகளுக்குள் ஆய்வாளர்கள் நுழைவதற்கு அனுமதி கிடையாது. 2008 பிப்ரவரியில் தொல்லியல், வரலாற்றுச் சங்கங்களின் பிரதிநிதிகளை இந்த மேட்டின் கீழ்ப்படிவரை ஏற விட்டார்கள். தோண்ட முடியாது, சுற்றி நடந்து பார்க்கலாம், அவ்வளவே. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு கிடைத்த அந்தச் சிறு அனுமதியே பெரிய செய்தியானது.

ஜப்பான் போனால் எங்கே பார்க்கலாம்?

ஒசாகாவில் இருந்தால் சுமியோஷிப் பெருங்கோயில். நான்கு மண்டபங்களில் மூன்று கடல் தெய்வங்களுக்கு, நான்காவது ஜிங்கூவுக்கு. ஃபுகுவோக்கா பக்கம் போனால் கஷீ கோயில், உமி, இட்டோஷிமா மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஜூலையில் என்றால் கியோட்டோ. இரண்டு கப்பல் தேர்களையும் பார்க்க வேண்டுமானால் 17, 24 ஆகிய இரண்டு நாள்களும் அங்கே இருக்க வேண்டும். கோசாஷி மேட்டை வேலிக்கு வெளியே, வழிபாட்டு வாயிலிலிருந்துதான் பார்க்க முடியும்.